கம்பெனி டைரக்டரியை வைத்து வெப் சர்வருக்கு லாகின் அமைப்பது: அப்பாச்சியும் எல்டாப்பும்

அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் தளங்கள் எப்படியும் நாலைந்து சேர்ந்துவிடும். ஒரு விக்கி, சர்வர்களின் நிலவரம் காட்டும் பக்கம், மாத அறிக்கைகள் கிடக்கும் ஃபோல்டர் என்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு ஃபைல் வைத்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது எல்லாவற்றிலும் அவர் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். ஏதோ ஒன்றில் விட்டுப்போகும். ஊழியர்களின் பெயர், பாஸ்வேர்டு, குழு எல்லாம் ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரி அல்லது ஓப்பன்எல்டாப் என்ற கம்பெனி டைரக்டரியில் இருக்கின்றன. வெப் சர்வரும் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதுதான் முறை.

எல்டாப், அதாவது டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் நெறிமுறை, அதன் பக்கமே போகாதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லினக்ஸில் ஓடும் அப்பாச்சி 2.4 என்ற வெப் சர்வர்தான் அடிப்படை. கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிக்கேற்பத் தமிழில் தந்திருக்கிறேன். கான்ஃபிக் ஃபைலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், ஆகவே அப்பாச்சி கையேட்டில் மாட்_ஆத்என்இசட்_எல்டாப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டதும் பக்கம் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். திறக்கக்கூடாத ஒருவருக்குத் திறக்கவில்லை என்று கண்ணால் பார்க்கும்வரை இந்த வேலை முடியவில்லை. கீழே இதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பின்னால் என்ன நடக்கிறது

டைரக்டரி என்பது மரம்போல் கிளை பிரிந்த ஒரு தரவுத்தளம். ஒவ்வொரு ஊழியருக்கும் அதில் ஒரு பதிவு உண்டு, அந்தப் பதிவுக்கு ஒரு முழு முகவரி உண்டு. அதை டிஎன் என்பார்கள். 'சிஎன்=மீனா,ஓயூ=ஊழியர்,டிசி=உதாரணம்,டிசி=காம்' என்பது ஒரு டிஎன். வலமிருந்து இடமாகப் படித்தால் மரத்தின் வேரிலிருந்து இலைக்கு வருவீர்கள். இந்த மரத்திடம் கேள்வி கேட்கும் நெறிமுறைதான் எல்டாப். 1990-களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 1997-இல் வெளிவந்தது. விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரியும் இதே மொழியைப் பேசுவதால், அப்பாச்சிக்கு எதிர்முனையில் எந்த டைரக்டரி இருந்தாலும் கவலையில்லை.

மீனா பிரவுசரில் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போடுகிறார். அப்பாச்சிக்கு அவருடைய டிஎன் தெரியாது. அதனால் தனக்கென்று கொடுத்திருக்கும் ஒரு சேவைக் கணக்கில் முதலில் டைரக்டரிக்குள் நுழைந்து, 'மீனா என்ற பெயரில் யார் இருக்கிறார்' என்று தேடும். சரியாக ஒரே ஒரு பதிவு கிடைக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் மறுப்புத்தான், இரண்டு கிடைத்தாலும் மறுப்புத்தான். ஒன்று கிடைத்ததும், அந்த டிஎன்னையும் மீனா கொடுத்த பாஸ்வேர்டையும் வைத்து மறுபடி நுழைந்து பார்க்கும். இப்படி நுழைவதற்குப் பெயர் பைண்ட். அது வெற்றி பெற்றால் பாஸ்வேர்டு சரி. பாஸ்வேர்டு சரியா என்று அப்பாச்சி தானாக முடிவு செய்வதில்லை, டைரக்டரி சொல்வதைத்தான் நம்புகிறது.

இதற்குப் பிறகு வருவது தனிக் கேள்வி: வந்திருப்பது மீனாதான், சரி, அவரை உள்ளே விடலாமா? அலுவலக வாசலில் அடையாள அட்டையைப் பார்ப்பதும், சர்வர் அறைக்குள் யார் போகலாம் என்ற பட்டியலைப் பார்ப்பதும் வேறு வேறு வேலைகள் அல்லவா, அதேபோல. இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

டைரக்டரி நிர்வாகியிடம் கேட்டு வாங்க வேண்டியவை

டைரக்டரி சர்வரின் பெயர் வேண்டும். ஐபி முகவரி போதாது. மறைகுறியாக்க இணைப்பில் சான்றிதழில் இருக்கும் பெயரோடு நீங்கள் கூப்பிடும் பெயர் பொருந்த வேண்டும், ஐபி போட்டால் பெரும்பாலும் அங்கேயே இடிக்கும். ஊழியர் பதிவுகள் எந்தக் கிளைக்குக் கீழே இருக்கின்றன என்ற தேடல் தளம் வேண்டும். கம்பெனி தானே சான்றிதழ் வழங்கிக்கொள்கிறது என்றால் அதன் மூலச் சான்றிதழ் ஃபைல் வேண்டும். எந்தக் குழுவுக்கு அனுமதி என்பதற்கு அந்தக் குழுவின் முழு டிஎன் வேண்டும்.

லாகின் பெயர் எந்தப் புலத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஓப்பன்எல்டாப்பில் வழக்கமாக யூஐடி, ஆக்டிவ் டைரக்டரியில் சாம்அக்கவுண்ட்நேம். மின்னஞ்சல்போல் இருக்கும் பெயரில் நுழையப் பழகியவர்கள் என்றால் யூசர்பிரின்சிபல்நேம்.

சேவைக் கணக்கு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். படிக்க மட்டும் உரிமை உள்ள, இந்த வேலைக்கென்றே திறந்த கணக்காக இருக்க வேண்டும். நிர்வாகியின் சொந்தக் கணக்கை 'இப்போதைக்கு' என்று போட்டால் அது அங்கேயே தங்கிவிடும். அந்தப் பாஸ்வேர்டு கான்ஃபிக் ஃபைலில் எழுத்து எழுத்தாகக் கிடக்கும் என்பதை மறக்காதீர்கள். இந்தக் கணக்கின் பாஸ்வேர்டு எப்போது காலாவதியாகும் என்றும் கேட்டு, அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அது காலாவதியாகும் நாளில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் லாகின் நின்றுபோகும்.

அப்பாச்சியைத் தொடும் முன் கையால் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எல்டாப்சர்ச் என்ற கமாண்ட் டெபியன், உபுண்டு வகைகளில் எல்டாப்-யூட்டில்ஸ் பேக்கேஜில் வரும். ரெட்ஹேட் வகையில் ஓப்பன்எல்டாப்-கிளையன்ட்ஸ் என்று தேடுங்கள். வெப் சர்வர் ஓடும் அதே மெஷினில் இதை இயக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பிலிருந்து வேலை செய்தால் ஃபயர்வால் பற்றி எதுவும் தெரியவராது.

கமாண்டுக்குக் கொடுக்க வேண்டியவை: எளிய பைண்ட் என்பதற்குச் சிறிய எக்ஸ், சர்வர் முகவரிக்குப் பெரிய ஹெச், சேவைக் கணக்கின் டிஎன்னுக்குப் பெரிய டி, பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கப் பெரிய டபிள்யூ, தேடல் தளத்துக்குச் சிறிய பி, கடைசியில் 'சாம்அக்கவுண்ட்நேம்=மீனா' போன்ற வடிகட்டி. முகவரியை எல்டாப்ஸ் என்று தொடங்கினால் போர்ட் 636, வெறும் எல்டாப் என்றால் 389. ஒரே ஒரு பதிவு திரும்பி வந்தால் முதல் பாதி முடிந்தது. பிறகு சேவைக் கணக்கின் இடத்தில் மீனாவின் டிஎன்னைப் போட்டு, மீனாவையே பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லுங்கள். இப்போது அப்பாச்சி செய்யப்போகும் இரண்டு வேலைகளையும் நீங்களே செய்துபார்த்துவிட்டீர்கள்.

பிழை வந்தால் எண்ணைப் பாருங்கள். 49 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 32 என்றால் நீங்கள் கொடுத்த தேடல் தளமே மரத்தில் இல்லை, பெரும்பாலும் எழுத்துப் பிழை. 8 என்றால் மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பை டைரக்டரி ஏற்கவில்லை. ஆக்டிவ் டைரக்டரி 49-உடன் இன்னொரு குறியீட்டையும் சேர்த்துத் தரும், அதில்தான் விவரம் இருக்கிறது: 525 என்றால் அப்படி ஒரு பயனர் இல்லை, 52இ என்றால் பாஸ்வேர்டு தவறு, 532 என்றால் பாஸ்வேர்டு காலாவதி, 533 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, 775 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. இந்த ஐந்தையும் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு உதவும்.

மாட்யூலை இயக்குதல்

டெபியன் வகையில் ஏ2என்மாட் கமாண்டுக்கு ஆத்என்இசட்_எல்டாப் என்ற பெயரைக் கொடுத்தால் போதும், அதற்குத் தேவையான எல்டாப் மாட்யூலும் சேர்ந்தே இயங்கும். ரெட்ஹேட் வகையில் மாட்_எல்டாப் பேக்கேஜை நிறுவ வேண்டும். அங்கே எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்புக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு படி உண்டு: ஹெச்டிடிபிடி_கேன்_கனெக்ட்_எல்டாப் என்ற அனுமதியை செட்எஸ்இபூல் கமாண்டால் திறக்க வேண்டும். கையால் இயக்கிய எல்டாப்சர்ச் ஒழுங்காக வேலை செய்து, அப்பாச்சி மட்டும் 'டைரக்டரியைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கான்ஃபிக்

சான்றிதழில் தொடங்குவோம். எல்டாப்டிரஸ்டட்குளோபல்செர்ட் என்ற கட்டளையில், சிஏ_பேஸ்64 என்ற வகையையும் மூலச் சான்றிதழ் ஃபைலின் இடத்தையும் கொடுங்கள். இதை விர்ச்சுவல் ஹோஸ்டுக்குள் (ஒரு தளத்துக்கு மட்டுமான கான்ஃபிக் பகுதி) எழுத முடியாது, வெளியே பொதுக் கான்ஃபிக்கில்தான் எழுத வேண்டும். சான்றிதழ்ப் பிழை வந்தால் எல்டாப்வெரிஃபைசர்வர்செர்ட் என்பதை ஆஃப் செய் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். நடுவில் எவனாவது டைரக்டரிபோல் நடித்தாலும் அப்பாச்சி அவனிடம் எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒப்படைத்துவிடும்.

பிறகு, பாதுகாக்க வேண்டிய ஃபோல்டரின் பகுதிக்குள் இப்படி:

ஆத்டைப் பேசிக்
ஆத்நேம் "அலுவலக லாகின்"
ஆத்பேசிக்புரொவைடர் எல்டாப்
ஆத்எல்டாப்யூஆர்எல் "எல்டாப்ஸ்://டைரக்டரி1.உதாரணம்.காம்/ஓயூ=ஊழியர்,டிசி=உதாரணம்,டிசி=காம்?சாம்அக்கவுண்ட்நேம்?சப்"
ஆத்எல்டாப்பைண்ட்டிஎன் "சிஎன்=வெப்தேடல்,ஓயூ=சேவை,டிசி=உதாரணம்,டிசி=காம்"
ஆத்எல்டாப்பைண்ட்பாஸ்வேர்டு "எக்ஸெக்:/பாதுகாப்பான/இடம்/பாஸ்வேர்டு-தரும்-ஸ்கிரிப்ட்"
ரிக்வயர் எல்டாப்-குரூப் சிஎன்=விக்கி,ஓயூ=குழுக்கள்,டிசி=உதாரணம்,டிசி=காம்

நீளமான யூஆர்எல்லைக் கேள்விக்குறியில் வெட்டிப் படியுங்கள். முதல் துண்டு எந்த சர்வர், எந்தக் கிளை. இரண்டாவது, லாகின் பெயர் இருக்கும் புலம். மூன்றாவது, எவ்வளவு ஆழம்: சப் என்றால் கிளையும் அதன் உட்கிளைகளும். நான்காவதாக ஒரு வடிகட்டியும் சேர்க்கலாம். டைரக்டரி சர்வர்கள் இரண்டு இருந்தால் இரண்டு பெயர்களையும் இடைவெளி விட்டு அடுத்தடுத்து எழுதுங்கள், ஒன்று விழுந்தால் மற்றதிடம் போகும்.

பாஸ்வேர்டு வரியில் எக்ஸெக் என்று தொடங்கினால், அடுத்து வரும் ஸ்கிரிப்ட் அச்சிடுவதைப் பாஸ்வேர்டாக எடுத்துக்கொள்ளும். நேரடியாகவே எழுதினால் அந்த ஃபைலை ரூட் மட்டும் படிக்கும்படி வையுங்கள். தளத்தின் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும் ஹெச்டிஆக்சஸ் என்ற கான்ஃபிக் ஃபைலில் மட்டும் இதை எழுதாதீர்கள். ரிக்வயர் வரியில் குழுவின் டிஎன்னைச் சுற்றி மேற்கோள் குறி போடக்கூடாது என்பதையும் கவனியுங்கள், மற்ற வரிகளைப் பார்த்த பழக்கத்தில் கை தானாகப் போட்டுவிடும்.

ஆக்டிவ் டைரக்டரியில் மரத்தின் உச்சியையே தேடல் தளமாகக் கொடுத்தால் லாகின் இழுத்துக்கொண்டே நிற்கலாம், அல்லது பிழை வரலாம். 'மீதி அங்கே இருக்கிறது' என்று டைரக்டரி வேறு இடங்களைக் கைகாட்டுவதுதான் காரணம். எல்டாப்ரெஃபரல்ஸ் ஆஃப் என்று எழுதினால் அப்பாச்சி அந்தக் கைகாட்டலைப் பின்தொடராது. இல்லாவிட்டால் ஆக்டிவ் டைரக்டரியின் எல்லாப் பகுதிகளுக்குமான பொதுத் தேடல் பட்டியலான குளோபல் கேட்டலாகின் போர்ட்டுக்கு மாறலாம்: சாதாரணமாக 3268, மறைகுறியாக்கத்தோடு 3269.

யாரை உள்ளே விடுவது

எனக்குத் தெரிந்து பெரிய ஓட்டை விழுவது இங்கேதான். ரிக்வயர் வரி இரண்டு எழுதினால், அப்பாச்சி 2.4 அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே உள்ளே விட்டுவிடும். 'லாகின் ஆகியிருக்க வேண்டும், அதோடு விக்கி குழுவிலும் இருக்க வேண்டும்' என்று நினைத்துக்கொண்டு ரிக்வயர் வேலிட்-யூசர் என்று ஒரு வரியும் எல்டாப்-குரூப் என்று அடுத்த வரியும் எழுதுகிறார்கள். அதற்கு அப்பாச்சி எடுத்துக்கொள்ளும் பொருள் 'லாகின் ஆனவர் யாராக இருந்தாலும் சரி, அல்லது விக்கி குழுவில் இருப்பவர்' என்பது. கம்பெனியில் கணக்கு உள்ள அத்தனை பேருக்கும் கதவு திறந்துவிட்டது. விக்கி குழுவில் இருக்கும் நீங்கள் எத்தனை முறை சோதித்தாலும் இது தெரியாது, உங்களுக்கு எப்படியும் திறக்கும். அதே பகுதியில் யாரோ முன்பு எழுதி வைத்த ரிக்வயர் ஆல் கிராண்டட் வரி மிச்சமிருந்தால் நிலைமை இன்னும் மோசம், பாஸ்வேர்டே கேட்காது.

எல்டாப்-குரூப் வரி மட்டும் இருந்தால் போதும். குழுவில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டுமென்றால் அவர் யார் என்று முதலில் தெரிந்தாக வேண்டும், அதனால் லாகின் கேட்பது தானாகவே நடக்கும். இரண்டு நிபந்தனைகளும் உண்மையிலேயே வேண்டும் என்றால் அவற்றை ரிக்வயர்ஆல் பகுதிக்குள் அடையுங்கள்.

குழு சரியாக எழுதியும் ஆள் உள்ளே போக முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, டொமைன் யூசர்ஸ் குழுவைக் கொடுத்திருப்பீர்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அது ஊழியர்களின் முதன்மைக் குழு. முதன்மைக் குழு உறுப்பினர்கள் அந்தக் குழுவின் மெம்பர் பட்டியலில் எழுதப்படுவதில்லை, அப்பாச்சி பார்க்கும்போது அது காலியாகவே தெரியும். இதற்கென்று தனிக் குழு ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, குழுவுக்குள் குழு. ஆக்டிவ் டைரக்டரி என்றால் ரிக்வயர் எல்டாப்-ஃபில்டர் வரியில் மெம்பர்ஆஃப் புலத்தை 1.2.840.113556.1.4.1941 என்ற விதி எண்ணோடு கேட்டால், உள்குழுக்கள் வழியாக வரும் உறுப்பினர்களையும் டைரக்டரியே கண்டுபிடித்துச் சொல்லும். மூன்றாவது, ஓப்பன்எல்டாப்பின் பாசிக்ஸ் குழுக்கள். அவற்றில் உறுப்பினரின் டிஎன்னுக்குப் பதில் வெறும் லாகின் பெயர்தான் இருக்கும். ஆத்எல்டாப்குரூப்ஆட்ரிபியூட் என்பதற்கு மெம்பர்யூஐடி என்று கொடுத்து, ஆத்எல்டாப்குரூப்ஆட்ரிபியூட்இஸ்டிஎன் என்பதை ஆஃப் செய்யுங்கள்.

சோதிக்க நான்கு பேர் வேண்டும்: குழுவில் இருப்பவர், கணக்கு இருந்தும் குழுவில் இல்லாதவர், முடக்கப்பட்ட ஒரு கணக்கு, டைரக்டரியிலேயே இல்லாத ஒரு பெயர். முதலாமவருக்கு மட்டும் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிரவுசரில் புதிய தனிப்பட்ட விண்டோ திறந்து பாருங்கள், பழைய விண்டோ முந்தைய பாஸ்வேர்டையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

குழுவில் இல்லாதவர் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் அப்பாச்சி 401-ஐத்தான் அனுப்பும், பிரவுசர் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டுதான் தவறோ என்று அவர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார். ஆத்இசட்சென்ட்ஃபார்பிடன்ஆன்ஃபெயிலியர் என்பதை ஆன் செய்தால் அதற்குப் பதில் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில் போகும். ஆனால் வெளியிலிருந்து பாஸ்வேர்டை யூகித்துப் பார்ப்பவனுக்கும் அது 'நீ போட்டது சரி' என்று சொல்லிக்கொடுத்துவிடும். இணையத்துக்குத் திறந்திருக்கும் தளம் என்றால் வேண்டாம் என்பேன்.

ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்

பேசிக் முறையில் பெயரும் பாஸ்வேர்டும் ஒவ்வொரு கோரிக்கையோடும், ஒவ்வொரு படத்துக்கும், பேஸ்64 வடிவில் போகின்றன. அது மறைகுறியாக்கம் அல்ல, யாரும் நொடியில் திருப்பிவிடலாம். போவதோ அவருடைய மின்னஞ்சலையும் கம்ப்யூட்டரையும் திறக்கும் அதே பாஸ்வேர்டு. ஆகவே போர்ட் 80-இல் இருக்கும் தளம் ஹெச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பிவிடும் வேலையை மட்டும் செய்யட்டும். லாகின் கட்டளைகள் 443-இல் மட்டும் இருக்கட்டும். லாக்அவுட் பட்டன் வேண்டும் என்று கேட்டால் பேசிக் முறையில் அது கிடையாது, லாகினைப் படிவமாகக் காட்டும் மாட்_ஆத்_ஃபார்ம் மாட்யூல் பக்கம் போக வேண்டும்.

லாக் படித்தல்

கான்ஃபிக்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டி, அப்பாச்சியை ரீலோட் செய்து, லாக்லெவல் வரியில் ஆத்என்இசட்_எல்டாப்:டீபக் என்று தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு எரர் லாகைப் பாருங்கள். ஒரு நுணுக்கம் இங்கே மிகவும் கைகொடுக்கும். பைண்ட் தோற்றது என்று சொல்லும் வரியில் 'டு செக் யூசர் கிரெடென்ஷியல்ஸ்' என்ற சொற்கள் இருந்தால், தோற்றது ஊழியரின் பாஸ்வேர்டு. அந்தச் சொற்கள் இல்லாமல் வெறுமனே எல்டாப் சிம்பிள் பைண்ட் தோல்வி என்றிருந்தால், தோற்றது உங்கள் சேவைக் கணக்கு. 'யூசர் நாட் ஃபவுண்ட்' என்றால் தேடல் தளத்தையும் புலத்தின் பெயரையும் பாருங்கள். பிரவுசரில் 401-க்குப் பதில் 500 (சர்வருக்குள் பிழை) வந்தால் பாஸ்வேர்டைக் குறை சொல்லாதீர்கள், டைரக்டரியையே எட்ட முடியவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

ஓடத் தொடங்கியபின்

அப்பாச்சி விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். எல்டாப்கேச்டிடிஎல் இயல்பாக 600 விநாடி. கணக்கை முடக்கிய பிறகும் பத்து நிமிடம் வரை ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று இதற்குப் பொருள். அது அதிகம் என்று தோன்றினால் குறையுங்கள், டைரக்டரிக்கு வேலை கூடும்.

காலையில் முதல் ஆளுக்கு மட்டும் லாகின் வெகுநேரம் தொங்கினால், இரவில் சும்மா கிடந்த இணைப்பை ஃபயர்வால் சத்தமில்லாமல் வெட்டியிருக்கும், அப்பாச்சி அதையே மறுபடி பயன்படுத்தப் பார்த்திருக்கும். எல்டாப்கனெக்ஷன்பூல்டிடிஎல் என்பதற்கு ஃபயர்வாலின் காலவரம்பைவிடக் குறைந்த நேரம் கொடுங்கள்.

லாகின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை டைரக்டரி பார்ப்பதில்லை. ஆனால் அப்பாச்சி, பயனர் அடித்த எழுத்துகளை அப்படியே உள்ளிருக்கும் செயலிக்குக் கொடுக்கும். ஒரே ஆள் விக்கியில் இரண்டு பெயரில் தெரிவது இதனால்தான். ஆத்எல்டாப்ரிமோட்யூசர்ஆட்ரிபியூட் கட்டளையில் சாம்அக்கவுண்ட்நேம் என்று கொடுத்தால், டைரக்டரியில் இருக்கும் வடிவமே போகும்.

கடைசியாக, டைரக்டரி விழும் நாளுக்கான ஏற்பாடு. அன்றைக்குத்தான் சர்வர் நிலவரப் பக்கத்தை அவசரமாகத் திறக்க வேண்டியிருக்கும். டைரக்டரியில் இல்லாத ஒரு பெயரில் ஒரே ஒரு அவசரக் கணக்கை உள்ளூர் பாஸ்வேர்டு ஃபைலில் வைத்து, புரொவைடர் வரியில் ஃபைல், எல்டாப் என்ற வரிசையில் எழுதுங்கள். வரிசை முக்கியம். எல்டாப் முதலில் இருந்தால் டைரக்டரி எட்டாதபோது அங்கேயே 500 வந்து நின்றுவிடும், ஃபைல் வரைக்கும் போகாது. ஃபைல் முதலில் இருந்தால், அதில் இல்லாத பெயர்கள் மட்டும் டைரக்டரிக்குப் போகும். அந்தக் கணக்கு குழுவில் இருக்காது என்பதால் ரிக்வயர் யூசர் என்று அதன் பெயரோடு ஒரு வரியும் சேர்த்து, அதைக் குழு வரிக்கு மேலே வையுங்கள். பிறகு டைரக்டரியின் போர்ட்டை வெப் சர்வரின் ஃபயர்வாலில் சில நிமிடம் அடைத்துவிட்டு, அந்தக் கணக்கில் நுழைய முடிகிறதா என்று பாருங்கள்.